அளந்த பிறகு போட்ட எமரி

மதுரை திருமங்கலம் சாலையில் நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த ஜீப் பட்டறையில், பிரஸ் மெஷினுக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்குகிறது. “இந்த மேசையில் எமரித் தாள் வைக்கக் கூடாது” என்று எழுதியிருக்கும். எமரி என்றால் இரும்பைத் தேய்த்து மினுக்கும் தாள். கையெழுத்து என்னுடையது. காரணத்தை அதில் எழுதவில்லை.

சென்ற ஆண்டு நான் வேலையிலிருந்து நின்றேன். வயது ஐம்பத்தெட்டுதான். நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிய ஆரம்பித்தன. கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை. கோட்டைப் பிரித்துப் பார்க்க முடியாதவன் அந்த மேசையில் நிற்கக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, கோச்சடையில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பட்டறையிலிருந்து ஃபோன் வந்தது.

“அண்ணே, புதுசா வந்தவங்க அந்தப் பலகையப் பாத்துச் சிரிக்கிறாங்க. எமரி என்னண்ணே பாவம் பண்ணுச்சுன்னு கேக்குறாங்க. நம்ம தொழிலாளர் மலருக்கு நீங்களே அத எழுதிக் குடுத்துருங்க.”

எழுதுகிறேன். சம்பவங்கள் என் நாட்குறிப்பில் உள்ளபடியே. பேச்சுகள் நினைவிலிருந்து.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பு, பிறகு இரண்டு லேத் பட்டறைகள், நடுவே ஓராண்டு ஒரு ஸ்பின்னிங் மில். எல்லா இடத்திலும் நல்ல பெயர் வாங்கித் தந்தது ஒரே பழக்கம்தான். செய்த வேலையை அன்றன்றே நோட்டில் எழுதிவைப்பேன். வண்டி எண், பாகம், அளவு, நேரம். மில்லில் அதற்காக என்னைக் கேலி செய்தார்கள். இந்தப் பட்டறையில் அதற்காகவே வேலை கொடுத்தார்கள்.

கொடுத்தவர் ஃபோர்மேன் இருதயராஜ். ஒல்லியான மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. “முடிஞ்சுது சார்” என்று யார் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். “எத வச்சுச் சொல்ற?”

அளவை வைத்துச் சொன்னால் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். “டைட்டாத்தான் இருக்கு சார்”, “எப்பவும் போடுற மாதிரித்தான் சார்” என்றால் போகமாட்டார். நாம் பாகத்தைக் கழற்றி மறுபடி அளக்கும்வரை அங்கேயே நிற்பார். கோபப்பட்டிருந்தால்கூட நமக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் மலை ஏறும் ஜீப்புகள். உசிலம்பட்டிக்கு மேற்கே தோட்டங்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிறவை. பெரிய டயர் போடும் பழக்கம் வந்தபோது அந்த வண்டிகளின் பின் ஆக்ஸில் ஷாஃப்டுகள், அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள், முறியத் தொடங்கின. கல்லில் சக்கரம் மாட்டிக்கொள்ளும்போது டயரின் பிடி அதிகம், ஷாஃப்டின் பலம் குறைவு. அதனால் தடிமன் கூடிய, உயர்ந்த எஃகில் செய்த ஷாஃப்டுகளை வரவழைத்து மாற்ற ஆரம்பித்தோம். அந்த மேசை என் பொறுப்பு.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வண்டிகளில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. சக்கரம் வெளியே கழன்று போகாமல் பிடித்திருப்பதும் அதுதான். ஷாஃப்டை உள்ளே நிறுத்துவது ஒரு பேரிங். அந்தப் பேரிங்கை ஷாஃப்டில் நகராமல் நிறுத்துவது அதன் பின்னால் ஏற்றும் ஓர் எஃகு வளையம். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதற்கு போல்ட் கிடையாது, பூட்டு கிடையாது. இறுக்கம் ஒன்றுதான். வளையம் நழுவினால் ஷாஃப்ட் முறியாமலே சக்கரத்தோடு வெளியே வந்துவிடும்.

வளையத்தின் துளை, அது உட்காரும் ஷாஃப்டின் பகுதியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. பட்டறையில் அதை ‘அஞ்சு பாயிண்ட்’ என்போம். குளிர்ந்த நிலையில் வளையம் ஏறாது. தகரப் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, வெப்பமானி வைத்து, வளையத்தைச் சூடேற்ற வேண்டும். விரிந்த வளையத்தை இடுக்கியால் எடுத்து ஷாஃப்டில் இறக்கி, பேரிங்கில் போய் மோதும் சத்தம் கேட்டதும் குழாயை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. ஒருமுறை கழற்றிய வளையத்தை மறுமுறை போடக் கூடாது. இவ்வளவையும் நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

தவறு வேறு இடத்தில் இருந்தது.

பழைய ஷாஃப்டுகளை மாட்டிய காலத்தில் அவற்றில் துருவும் கசடும் ஏறியிருக்கும். லேத்தில் சுழலவிட்டு, எமரித் தாளைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றிப் பிடித்து, பளபளவென்று ஆகும்வரை மினுக்குவேன். பிறகு அளப்பேன். பிறகு வளையம் ஏற்றுவேன். புதிய ஷாஃப்டுகள் வந்தபோது ஃபோர்மேன் ஒரு மாற்றம் செய்தார். பார்சலைப் பிரித்த உடனே அளந்துவிட வேண்டும். அளவு தப்பியிருந்தால் கையோடு திருப்பி அனுப்பலாம். அது சரியான உத்தரவுதான். நானும் அப்படியே பிரித்ததும் அளந்தேன், நோட்டில் எழுதினேன். ஆனால் ஏற்றுவதற்கு முன் எமரி போடும் பழக்கத்தை விடவில்லை. சுத்தமான வேலை என்று எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அளவு எமரிக்கு முன்னால் போய்விட்டது. எமரி பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். தன் மனைவி பேச்சியம்மாளின் அண்ணன் வீரணனுடைய ஜீப்பை ஓட்டிவந்தார். தினமும் காலையில் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போய் மாலையில் இறக்கிவிடும் வேலை. அந்த ஜீப்புக்குப் பெரிய டயரும் தடித்த ஷாஃப்டும் போட்ட அன்று இருவரும் வந்திருந்தார்கள்.

நான் ஷாஃப்டை மினுக்குவதைப் பார்த்து ஒச்சப்பன் சிரித்தார். “என்னண்ணே, உள்ள போடுற சாமானுக்கு இம்புட்டு மினுக்கா? வெளிய தெரியிற எம் மச்சான் மூஞ்சிக்கு ரெண்டு இழுப்பு இழுத்து விடுங்க.”

“ஒன் மூஞ்சியப் பாத்துத்தான் போன வாரம் ரேடியேட்டரே கொதிச்சிருச்சு மாப்ள” என்றார் வீரணன்.

அன்று மாலை ஃபோர்மேன் வந்து வழக்கம்போலக் கேட்டார். நான் நோட்டைக் காட்டினேன். இரண்டு ஷாஃப்டுக்கும் அஞ்சு பாயிண்ட். தலையசைத்துவிட்டுப் போனார்.

நான்காவது மாதம், ஒரு மாலையில் அந்த ஜீப் மலையிலிருந்து இறங்கும்போது இடது பின்சக்கரம் ஷாஃப்டோடு கழன்று வெளியே வந்தது. வண்டியில் ஒன்பது பெண்களும் இரண்டு மூட்டைகளும். ஒச்சப்பன் வண்டியைப் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைச் சரிவில் மோத விட்டார். பெண்களுக்குச் சிராய்ப்பு, ஒருவருக்குத் தோள் எலும்பு விலகியது. ஒச்சப்பனின் வலது கால் ஸ்டியரிங்குக்குக் கீழே நசுங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜீப்பை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஷாஃப்டில் ஒரு விரிசல்கூட இல்லை. பேரிங்கும் வளையமும் ஆக்ஸில் குழாயின் வாயிலேயே இருந்தன. ஷாஃப்ட் அவற்றுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தது.

ஃபோர்மேன் நெடுநேரம் பார்த்தார். “நோட்ட எடு தங்கராசு” என்றார்.

எடுத்தேன். அஞ்சு பாயிண்ட். எண்ணெயின் சூடு, அழுத்திப் பிடித்த நேரம், எல்லாம் இருந்தன. பக்கத்தில் நின்ற வீரணனும் எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான் எழுதிருக்கு. அப்பறம் எப்பிடி சார் கழண்டுச்சு?”

ஃபோர்மேன் சொன்னார்: “பாரம் கூடுதலா இருந்து, வளைவுல வேகமா இறங்கியிருந்தா, பக்கவாட்டுல இழுப்பு அதிகமாகும். பேரிங் சூடாகி வளையம் நழுவியிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்.”

வீரணனின் காதில் அந்த ‘இருக்கலாம்’ விழவில்லை. “வேகந்தான் சார். நூறு தடவ சொல்லிருப்பேன். ஒம்போது பொம்பளைங்கள வச்சுக்கிட்டு ரேசு ஓட்டிருக்கான். சாமி புண்ணியம், உசுரு போகல. எந் தங்கச்சி தாலி தப்புச்சு. இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

அன்றிரவு அதே நோட்டில் நான் எழுதிய வரி இது: “காரணம்: அதிக பாரம், வேகம்.” இருக்கலாம் என்ற சொல்லை நானும் விட்டுவிட்டேன்.

ஃபோர்மேன் மட்டும் சமாதானமாகவில்லை. அந்த வளையத்தைத் துடைத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். சில நாள் அதை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எட்டு மாதங்கள் போயின. ஒருநாள் ஒரு ஷாஃப்டைப் பார்சலிலிருந்து பிரித்து அளந்து எழுதிவிட்டு, பிற்பகலில் எமரி போட்டேன். எண்ணெய் சூடேறுவதற்குள் மின்சாரம் போய்விட்டது, அடுப்பும் மின்சார அடுப்பு. வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மறுநாள் காலை வந்ததும், ஓர் இரவு சும்மா கிடந்த பாகம் என்பதால் இன்னொரு முறை அளந்து அடுத்த வரியில் எழுதினேன்.

இரண்டு வரிகளும் ஒன்றாக இல்லை.

முதல் வரிப்படி இறுக்கம் அஞ்சு பாயிண்ட். இரண்டாம் வரிப்படி இரண்டு.

மைக்ரோமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சோதனைக் கம்பியை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. காலைக் குளிரில் உலோகம் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். அப்படியானால் வளையமும்தான் சுருங்கியிருக்க வேண்டும், அதன் துளை நேற்றைய அளவிலேயே இருந்தது. அப்புறம்தான் லேத்தின் மேல் கிடந்த எமரிப் பட்டையைப் பார்த்தேன். அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டேன். காணாமல் போன மூன்று பாயிண்ட் விரலில் இருந்தது.

நான் அளந்ததெல்லாம் உண்மை. ஆனால் அளந்த ஷாஃப்ட் வேறு, வண்டியில் மாட்டிய ஷாஃப்ட் வேறு. இடையில் அதைத் தேய்த்தது என் கை.

யாரும் பார்க்கவில்லை. நோட்டைத் திருத்தினால் போதும், இனி எமரி போடாமல் இருந்தால் போதும் என்று ஓர் எண்ணம் வந்ததை மறைக்கவில்லை. ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் அந்த எண்ணம் என்னோடு இருந்தது. பிறகு நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அதே போல நான் மினுக்கி மாட்டிய வண்டிகள் இன்னும் ஆறு ஓடிக்கொண்டிருந்தன.

நோட்டையும் ஷாஃப்டையும் எமரிப் பட்டையையும் ஃபோர்மேன் மேசையில் வைத்தேன்.

“சார், ஒச்சப்பன் வண்டி கழண்டதுக்குக் காரணம் நான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எத வச்சுச் சொல்ற?”

சொன்னேன். அவரே அந்த ஷாஃப்டை அளந்தார். இழுப்பறையிலிருந்து பழைய வளையத்தை எடுத்தார், கிடங்கிலிருந்து ஒச்சப்பன் வண்டியின் ஷாஃப்டை வரவழைத்தார். வளையம் உட்கார்ந்திருந்த தடம் நழுவியபோது உரசிப் பழுதாகியிருந்தது, அதை நம்பி அளக்க முடியாது. ஆனால் வளையத்துக்கு ஓரமாக, எதுவும் உரசாத ஒரு விரல் அகலத்தில் எமரி மினுக்கு அப்படியே இருந்தது. அதை அளந்தார். நோட்டில் எழுதியதைவிட அதிலும் மூன்று குறைந்திருந்தது.

மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினார். திட்டவில்லை. “அளக்குற நேரத்த மாத்துனது நான். மாத்துனா அடுத்து என்ன நடக்குதுன்னு நின்னு பாத்திருக்கணும். அதை அப்பறம் பேசுவோம். எத்தன வண்டி?”

“ஆறு.”

“ஃபோனப் போடு.”

முதலாளியிடம் அவர் என்ன பேசினார் என்று தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்த முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், “மொதல்ல வண்டிகளக் கொண்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

ஐந்து வண்டிகள் அன்றைக்கும் மறுநாளுக்குமாக வந்து சேர்ந்தன. ஷாஃப்டுகளைக் கழற்றி பிரஸ் மெஷினில் வைத்து வளையத்தை அழுத்திப் பார்த்தோம். சரியாக ஏறிய வளையம், அழுத்தம் காட்டும் முள் பாதி தாண்டியும் அசையக் கூடாது. எங்கள் வளையங்கள் முள் கால்வாசியைத் தொடும் முன்பே நகர்ந்தன. ஒவ்வொன்றும் நகரும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். வண்டிக்கு இரண்டாகப் பத்து முறை கேட்டேன்.

ஆறாவது வண்டிக்காரர் மாரிச்சாமியின் ஃபோன் மட்டும் முதல் நாள் கிடைக்கவில்லை. மேலே தோட்டத்தில் டவர் கிடையாது. அன்று மாலையில் இறங்குவார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். வண்டி இறங்கும் வரைகூடக் காத்திருக்க ஃபோர்மேன் விரும்பவில்லை. பட்டறை வண்டியில் ஜாக்கியும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு இருவரும் உசிலம்பட்டி வழியாக மேற்கே போனோம். மலைப்பாதையில் மூன்றாவது வளைவு ஏறும்போது எதிரே ஜீப் வந்தது. ஃபோர்மேன் இறங்கி நடுச்சாலையில் கையை நீட்டி நின்றார். கைகளைப் பின்னால் கட்டாமல் நான் அவரைப் பார்த்தது அன்றுதான்.

“என்ன சார், மதுரையில சோலி இல்லாம மலைக்கே வந்து வழிமறிக்கிறீக?” என்றார் மாரிச்சாமி.

“எல்லாரும் இறங்குங்கம்மா. கீழ வரைக்கும் நடந்துதான் போகணும்” என்றார் ஃபோர்மேன்.

“நாள் பூரா குனிஞ்சு நிமிந்து இடுப்பு விட்டுப்போச்சு. இதுல நடக்க வேற செய்யணுமாக்கும்? நல்லா வந்தீக!” என்று ஓர் அம்மா சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினார்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினோம். ஃபோர்மேன் இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தார். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. சக்கரம் நகக்கண் அகலத்துக்கு வெளியே வந்து, உள்ளே தள்ளியதும் போனது. மாரிச்சாமி வண்டியை அங்கேயே விட்டுவைக்கச் சம்மதித்து, சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தார். சத்தம் போட்ட அம்மா திரும்பி வந்து, அந்தச் சக்கரத்தையும் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தையும் பார்த்துவிட்டு, மற்றவர்களோடு நடக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் உசிலம்பட்டி வந்ததும் “என்னைய இங்க இறக்கி விடுங்க சார்” என்றேன்.

“நானும் வரட்டுமா?”

“வேணாம் சார். நோட்டு என்னோடது.”

ஒச்சப்பன் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே! பேச்சி, மினுக்குற அண்ணே வந்திருக்காக” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பேச்சியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எமரி, மூன்று பாயிண்ட், இன்று மலையில் பார்த்த சக்கரம். கடைசியில், “நீங்க எம்புட்டு மெதுவா இறங்கியிருந்தாலும் அது கழண்டிருக்கும். சக்கரம் வெளிய வந்ததும் பிரேக் எண்ணெய் கொட்டிரும், பிரேக் பிடிக்காது. அந்த ஷாஃப்ட் இல்லாம கியரும் பிடிக்காது. சரிவுல கொண்டுபோய் மோதுனதுதான் ஒரே வழி” என்றேன்.

பேச்சியம்மாள் செம்பைக் கீழே வைத்தார். “எட்டு மாசமா எங்கண்ணன் இந்த வாசலை மிதிக்கலங்க” என்றார் என்னைப் பார்த்து. குரல் உயரவில்லை.

ஒச்சப்பன் கையிலிருந்த கல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு கேட்டார்.

“அப்ப நான் வேகமாப் போகலயாண்ணே?”

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“இல்ல, நெசமாத்தான் கேக்குறேன். மொதல்ல எல்லாத்துகிட்டயும் மெதுவாத்தான் வந்தேன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. பட்டறை நோட்டுல எல்லாம் சரியா இருக்குன்னு மச்சான் சொன்னாரு. சொல்லிச் சொல்லி, இப்ப கண்ண மூடுனா நான் வேகமா வந்த மாதிரியேதான் தெரியுது. அந்தப் பொம்பளைங்ககிட்ட மன்னிப்புகூடக் கேட்டுட்டேன்.”

நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். “காரணம்: அதிக பாரம், வேகம்.” அதை அடிக்கப் பேனாவை எடுத்தேன்.

“அடிக்காதீக” என்றார். “அது அப்பிடியே கெடக்கட்டும். என்ன சொன்னீகன்னும் தெரியணுமுல்ல. கீழ எழுதுங்க.”

கீழே எழுதினேன். “மேலே கண்டது தவறு. ஓட்டுநர் மீது பிழை இல்லை. அளந்த பிறகு நான் எமரி போட்டதே காரணம்.” கையெழுத்திட்டேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“மச்சானுக்கு ஃபோனப் போடு பேச்சி. அவரு வரட்டும். அண்ணே, இன்னொருக்க மொதல்ல இருந்து சொல்லணும் நீங்க.”

வீரணன் பைக்கில் வந்து சேர அரைமணி ஆயிற்று. வாசலுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார். நான் முதலிலிருந்து சொன்னேன். நோட்டை நீட்டினேன். வாங்கி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, வாசலைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அரிசித் தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“சாப்பிட்டியா மாப்ள?” என்றார்.

“இன்னும் இல்ல மச்சான்.”

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பலகையை எழுதினேன். அடுத்த ஆண்டு முதல் பட்டறையில் சக்கரத்துக்கு ஹப் என்ற தனிக் குடமும் இரண்டு பேரிங்கும் வைத்துக் கட்டும் முறைக்கு மாறினோம். அதில் ஷாஃப்ட் சுழற்ற மட்டும்தான். அது முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். இப்போது வளையம் ஏற்றும் வேலையே அங்கே அபூர்வம், அதனால்தான் பலகையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கழற்ற வேண்டாம். அந்த நோட்டையும் பட்டறையிலேயே விட்டுவந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இரண்டு காரணங்கள் இருக்கும். கீழே இருப்பதை வாசியுங்கள், மேலே இருப்பதையும் வாசியுங்கள்.